கொழும்பு புறக்கோட்டைக் கட்டணக் கழிப்பறையில் சக்கர நாற்காலிப் படத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

நடக்கச் சிரமப்படும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டையில் இரவு பஸ் ஏறப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு யாழ்ப்பாணம் போகப் போயிருந்தேன். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவருக்குச் சக்கர நாற்காலிதான். பஸ் எடுக்குமுன் அருகில் இருந்த கட்டணக் கழிப்பறைக்குப் போனோம். புதிதாகக் கட்டியது. வாசலில் சக்கர நாற்காலிப் படம் பெரிதாகவே போட்டிருந்தார்கள். மேசையில் இருந்தவர் 100 ரூபாய் கேட்டார். உதவிக்கு நானும் போவதால் இரண்டு பேர் கணக்காம். பக்கத்தில் ஆண்கள் 20 ரூபாயை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சரி, அவசரம், கொடுத்தேன்.

காசை வாங்கிப் போட்ட பிறகுதான் சொல்கிறார்: "அந்த ரூமுக்குத் திறப்பு இல்லை நோனா, மற்றதுக்குப் போங்க."

கதவு இடுக்கால் பார்த்தேன். விளக்குமாறு, வாளிகள், ஒரு தேத்தண்ணிக் கேத்தல். பிடித்து எழும்புவதற்கென்று சுவரில் பூட்டிய கம்பியில் யாருடையதோ சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்தில் வாசலிலேயே படி. உள்ளே நாற்காலி நுழையவில்லை, கதவைச் சாத்தவும் வழியில்லை. அம்மாவைத் தாங்கிக்கொண்டு ஒரு கையால் என் சால்வையை மறைப்பாகப் பிடித்தேன். வரிசையில் நின்ற பெண்கள் தாங்களாகவே மறுபக்கம் திரும்பி நின்றார்கள். அம்மாவுக்கு முடியவில்லை. "விடு பிள்ளை, நான் அடக்கிக்கொண்டு வாறன்" என்றார். காசும் திரும்பவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர், ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் வந்தார். சிறுநீரை அடக்கினால் கிருமி தொற்றும் என்று டொக்டர் எச்சரித்த ஆள் அவர்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் நடமாட என்ன வசதி வேண்டும் என்பதற்கு 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. புதிய பொதுக் கட்டடங்களில், முக்கியமாகக் கழிப்பறைகளில், அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. அப்படிக் கட்டிய அறையைத்தான் சாமான் அறையாக வைத்திருக்கிறார்கள்.

முதலில் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பார்த்த பிறகு காசை எடுங்கள். பூட்டியிருந்தால் படம் எடுத்து, திகதியும் நேரமும் குறித்து வையுங்கள். அந்த மூன்றும் என்னிடம் இருந்ததால்தான் திங்கட்கிழமை எழுத்தில் முறைப்பாடு கொடுக்க முடிந்தது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.