நான்கு வருஷம், ஒரு கயிறு, ஒரு பேண்டு: மொட்டை மாடி உடற்பயிற்சி அனுபவம்

2021 ஜூனில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7 தாண்டினால் வாசல்படி, 6.5 வந்தால் சர்க்கரை நோயே என்று டாக்டர் சொன்னார். நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற உடம்பு. சென்னிமலைப் பக்கம் தோட்டத்து வீடு என்பதால் ஜிம்முக்குப் பெருந்துறை போய்வர நேரம் ஒத்துவராது. அதனால் மொட்டை மாடியிலேயே ஆரம்பித்தேன். ஸ்கிப்பிங் கயிறு, மூன்று கிலோ டம்பெல் ஒரு ஜோடி, யோகா மேட், கையில் கட்டுகிற ஃபிட்னஸ் பேண்டு, அவ்வளவுதான் வாங்கியது.

முதலில் பொருட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கயிறு சிமென்ட் தரையில் உரசி உரசி, தரை தொடும் இடத்தில் தேய்ந்து அறுந்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறும் உறை உரிந்ததும் கம்பி பிரிந்து காலைக் கீறியது. நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் வரைக்கும் வர வேண்டும், அதுதான் அளவு. கைப்பிடி இறுகினால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். யோகா மேட் வியர்வை பட்டால் வழுக்குகிறது. படுத்துச் செய்கிற பயிற்சிக்கெல்லாம் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டேன். வியர்வையை இழுத்துக்கொள்ளும், துவைத்துக் காயப்போடலாம், சிமென்ட் தரையில் நகராது. ஆனால் அதன்மேல் குதிக்காதீர்கள், கால் மாட்டிக்கொள்ளும். குதிப்பதற்குக் கட்டுத்தரையில் மாட்டுக்குப் போடுகிற ரப்பர் மேட்டில் ஒரு துண்டு வெட்டி மேலே கொண்டுபோனேன். நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

ஒரு வருஷத்தில் சர்க்கரை 5.6-க்கு இறங்கியது. முதுகுவலி போனது. இதுவரைக்கும் எல்லாம் நல்லது, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

சிக்கல் பேண்டு வழியாக வந்தது. தினமும் பத்தாயிரம் காலடி நடந்தால் அது ஒரு வட்டத்தை நிறைத்து, எத்தனை நாள் விடாமல் செய்தோம் என்று காட்டும். பத்தாயிரம் என்பது ஏதோ மருத்துவக் கணக்கு என்று நம்பியிருந்தேன். 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரில் இருந்து வந்த எண் என்று பின்னால்தான் தெரிந்தது. நூறு நாள், இருநூறு நாள், முந்நூறு நாள் என்று ஏறியது. அரை மணி நேரமாக இருந்த பயிற்சி ஒரு மணி ஆனது, அப்புறம் காலையும் மாலையுமாக இரண்டு மணி. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறது. கடுமையான பயிற்சி என்றால் அதில் பாதி போதும். நான் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு 9,100 அடி ஆகியிருந்தது. விளக்கைப் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று இருட்டில் முன்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அத்தை எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏங்கண்ணு, இந்நேரத்துல எதுக்கு இப்படி நடந்துட்டிருக்கற? மனசுக்கு ஏதாச்சும் சங்கடமா?" என்று கேட்டார். இல்லைங்கத்தை என்று சொல்லிவிட்டு, அவர் போய்ப் படுத்ததும் மீதியை நடந்து முடித்தேன்.

2023-இல் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தது. எலும்பு டாக்டர் ஆறு வாரம் குதிக்கவே கூடாது என்றார். வீட்டில் சரி என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் சத்தம் கேட்காமல் இருக்க ரப்பர் மேட்டின்மேல் சாக்கை விரித்துக் குதித்தேன். காங்கேயத்தில் அம்மா வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். போனபோது அம்மா சுட்டு வைத்த ஒப்பிட்டை (போளியை) தொடவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

வலி தாங்காமல் மறுபடி டாக்டரிடம் போனபோது உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, ஆறு கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். உடற்பயிற்சிக்கு அடிமையாகிவிட்டோமா என்று பார்க்க, 2004-இல் இங்கிலாந்தில் வெளியான அளவுகோல் அது. வாழ்க்கையில் பயிற்சிதான் முக்கியமா, அதனால் வீட்டில் சண்டை வருகிறதா, மனதை மாற்றிக்கொள்ள அதை நாடுகிறீர்களா, அளவு ஏறிக்கொண்டே போகிறதா, விட்டால் எரிச்சல் வருகிறதா, குறைத்தாலும் பழைய அளவுக்கே திரும்புகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், 24 வந்தாலே கவனிக்க வேண்டும். எனக்கு 27. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டில் சூதாட்ட அடிமைத்தனத்தைச் சேர்த்த மாதிரி உடற்பயிற்சி அடிமைத்தனத்தைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை, ஆனால் 1970-லேயே ஒரு தூக்க ஆய்வுக்காக, பணம் தருகிறோம் என்றாலும் தினப் பயிற்சியை நிறுத்த மறுத்தவர்கள் இருந்தார்கள் என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்று ஒரு ஆறுதல் வந்தது.

எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதைவிட, செய்யாத அன்று வீட்டில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள் என்பேன். உங்கள் வீட்டுக்காரரையோ பிள்ளைகளையோ கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

பேண்டைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். வாரத்துக்கு ஐந்து நாள், நாற்பது நிமிடம். அதில் இரண்டு நாள் டம்பெல். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறுவதில்லை. முதல் இரண்டு மாதம் கை சும்மா இருக்காமல் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரை 5.6-லேயே இருக்கிறது.

போன மாதம் சளி பிடித்து நான்கு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயந்திரம் அந்தப் பழைய பரபரப்பு வந்தது. இந்தத் தடவை வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னேன், பேசிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் கயிற்றை எடுத்தேன். இருநூறு குதித்துவிட்டு இறங்கி வந்தேன்.