"தங்க ஃபேட்பாய், 1958, கைபடாதது" என்று விளம்பரம் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்

பழைய ஜில்லெட் ரேசர் சேகரிக்கிறவர்களுக்கும், "இதில் பணம் போட்டால் ஏறும்" என்று கேள்விப்பட்டுப் புதிதாக இறங்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 380 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய தங்க ரேசர், தொழிற்சாலையில் தங்க முலாம் பூசியதே இல்லை. தேய்ந்துபோன சாதாரண நிக்கல் ரேசரைப் பாலிஷ் போட்டு, மேலே புதிதாகத் தங்கம் ஏற்றி, பழைய பெட்டி ஒன்றில் வைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். விற்றவர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். வழக்கு போட்டிருப்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் செய்கிற வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: பிளேடு வெளியே நீட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கிற ரேசர் ஒன்றை ஜில்லெட் 1958 முதல் 1961 வரை அமெரிக்காவில் தயாரித்தது. கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்கும். 1-இல் வைத்தால் மென்மையாக மழிக்கும். 9-இல் வைத்தால் பல நாள் தாடியும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அன்றைய விலை ஒரு டாலர் 95 சென்ட், அதனால் '195' என்றே பெயர் வைத்தார்கள். கைப்பிடி குண்டாக இருப்பதால் சேகரிப்பவர்கள் பின்னால் வைத்த பெயர் ஃபேட்பாய். 1961-இல் ஒல்லியான ஸ்லிம் வந்ததும் இது நின்றுபோனது. பெரும்பாலானவை பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியவை. தங்க முலாம் பூசியவை கொஞ்சம்தான். அவற்றை எக்ஸிக்யூட்டிவ் என்பார்கள். நான் கொடுத்த பணத்தில் நாலில் ஒரு பங்குக்கு நல்ல நிக்கல் ஃபேட்பாய் கிடைக்கும். அந்த இடைவெளிதான் இந்த வியாபாரத்துக்கு முதல்.

எனக்கு இந்தப் பொருட்கள் மேல் பிரியம் வந்ததற்குக் காரணம் நான் குடியிருக்கும் இடம். மேற்கு லண்டனில், கிரேட் வெஸ்ட் ரோடும் சையன் லேனும் சந்திக்கும் மூலையில், கடிகாரக் கோபுரத்தோடு செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1937-இல் திறந்த ஜில்லெட் தொழிற்சாலை அது. 2006-இல் உற்பத்தியை போலந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் ஜில்லெட் கார்னர் என்றுதான் பெயர். அங்கே செய்த ரேசர்களில் ஆரம்பித்து, அப்புறம் அமெரிக்க ரேசர்களுக்கு வந்தேன். அன்றாடம் முகம் மழிக்கிற ஒரு கருவிக்கு அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்திருக்கிறார்களே என்ற மரியாதைதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அதே மரியாதையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

விற்றவர் விளம்பரத்தில் "எக்ஸிக்யூட்டிவ், 1958-இன் முதல் தயாரிப்பு, கைபடாதது, பிளேடு டப்பாவுடன் முழு செட்" என்று போட்டிருந்தார். படங்கள் எல்லாம் மஞ்சள் விளக்கில், சற்று தள்ளி நின்று எடுத்தவை. தலையின் அடிப்பக்கம் எந்தப் படத்திலும் இல்லை. அதைக் கேட்டேன். "வெளியூரில் இருக்கிறேன், இன்னொருவர் வாங்கக் காத்திருக்கிறார், இன்றைக்கே சொல்லுங்கள்" என்றார். கார்டில் கட்டலாமா என்றதற்கு, "பேங்க் ட்ரான்ஸ்ஃபர் செய்தால் இருபது பவுண்டு குறைத்துக்கொள்ளலாம்" என்றார். 400 சொன்னது அப்படித்தான் 380 ஆனது.

பார்சல் வந்தது. கையில் எடுத்ததுமே கட்டைவிரலுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கைப்பிடி வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் வெட்டியிருப்பார்கள். லேத் பட்டறையில் நர்லிங் என்பார்களே, அது. புழங்காத ரேசரில் அதன் முனைகள் கூர்மையாக இருக்கும், விரலை லேசாகக் கடிக்கும். இதில் முனையெல்லாம் மழுங்கி, உருண்டு, வழவழவென்று இருந்தது. கைபடாத ரேசரில் நர்லிங் எப்படித் தேயும்?

நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தலையில் பிளேடை மேலிருந்து மூடுகிற கதவுகள் இரண்டிலும் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள்ளும் தங்கம்! அம்மைத் தழும்பின் மேல் பவுடர் அப்பியது போல. உலோகம் முதலில் அரித்து, அந்த அரிப்பின் மேல் முலாம் ஏறினால்தான் இப்படி வரும். தொழிற்சாலையில் பூசிய முலாமில் பிற்காலத்தில் குழி விழுந்தால், குழிக்குள் பித்தளையோ பச்சைக் களிம்போ தெரியும், தங்கம் தெரியாது. இந்த ஒன்று போதும், வேறு சாட்சியே வேண்டாம்.

அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் கதவு இரண்டும் விரியும். விரித்துப் பார்த்தேன். வெளியே பளீர் மஞ்சள். கீலின் இடுக்கில் பழைய நிக்கலின் வெள்ளை அப்படியே இருந்தது. தொழிற்சாலையில் பாகங்களுக்குத் தனித்தனியாக முலாம் பூசிவிட்டு அப்புறம்தான் கோர்ப்பார்கள். பிரிக்காமல் மொத்தமாகத் தொட்டியில் முக்கினால் இடுக்குகளுக்குள் தங்கம் ஒழுங்காகப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டு அலசினேன். கீலிலிருந்தும் நர்லிங் பள்ளங்களிலிருந்தும் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ வெளியே வந்தது. பாலிஷ் சக்கரத்தில் தடவுகிற மெழுகுக் கலவை அது. பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது.

அடுத்து தேதிக் குறி. 1950-களிலிருந்து அமெரிக்க ஜில்லெட் ரேசர்களில் தலையின் அடித்தட்டில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருப்பார்கள். எழுத்து வருடத்தைச் சொல்லும், எண் அந்த வருடத்தின் எந்தக் காலாண்டு என்று சொல்லும். ஆங்கில ஏ என்றால் 1955, பி 1956, சி 1957, டி 1958, ஈ 1959, எஃப் 1960. 1958-இன் கடைசிக் காலாண்டு என்றால் டி-4. என் ரேசரில் அந்த எழுத்து முலாமுக்குள் பாதி மூழ்கிக் கிடந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நிழல் விழவைத்துப் பார்த்தபோது எஃப்-3 என்று தெரிந்தது. 1960, மூன்றாம் காலாண்டு. ஏன் அடிப்பக்கப் படம் வரவில்லை என்று அப்போது விளங்கியது. கூடவே வந்த பிளேடு டப்பாவில் சூப்பர் ப்ளூ பிளேடு. அது சந்தைக்கே 1960-இல்தான் வந்தது. 1958 செட் என்று விற்கும் பொருளில் அது எப்படி இருக்கும்? கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றுசேர்த்து "முழு செட்" ஆக்கியிருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ரேசருக்கு மறுபடி முலாம் பூசுவது தப்பே இல்லை. அழகாகச் செய்து, "இது மறுமுலாம்" என்று எழுதி, அதற்கான விலையில் விற்கிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிரித்துப் பூட்டிய ரேசர் இன்னும் அறுபது வருடம் உழைக்கும், சவரமும் அருமையாக இருக்கும். ஆனால் சேகரிப்பவர் அதிக விலை கொடுப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த மேற்பரப்புக்குத்தான். ஒருமுறை பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் அது போனது போனதுதான், யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்ல நிக்கல் ஃபேட்பாய் ஒன்றைத் தங்கமாக்கக் கெடுத்திருக்கிறார்களே என்பது பணம் போனதைவிட எனக்கு வருத்தம்.

விற்றவரிடம் எழுதிக் கேட்டேன். முதலில் "அறுபது வருடப் பொருள், அப்படித்தான் இருக்கும்" என்றார். குழிக்குள் தங்கம் இருக்கும் படத்தை அனுப்பியதும், "கைபடாதது என்றது என் அபிப்பிராயம். நான் தனிநபர், திருப்பி எடுக்கமாட்டேன்" என்று முடித்துக்கொண்டார். பிறகு பதிலே இல்லை. வங்கியிடம் போனேன். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், மோசடிக்காரனுக்கு ட்ரான்ஸ்ஃபர் செய்த பணத்தை வங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் பொருள் வந்து, அது சொன்னபடி இல்லை என்றால், வாங்கியவர் விற்றவர் இருவருக்குமான சிவில் தகராறு என்று ஒதுக்கிவிடலாம். என் விஷயத்தில் அப்படித்தான் செய்தார்கள். இதே தொகையைக் கிரெடிட் கார்டில் ஒரு வியாபாரியிடம் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாளி ஆக்கும். அந்த இருபது பவுண்டு தள்ளுபடி எதற்கு என்று இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

"நான் தனிநபர்" என்ற பேச்சுக்கும் பயப்பட வேண்டாம். தனிநபர் விற்றாலும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்று 1979 சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. தவிர, லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்பவர் தன்னை என்ன சொல்லிக்கொண்டாலும் வியாபாரிதான். வியாபாரி என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இவருடைய விளம்பரங்கள் எல்லாவற்றையும், விலை தேதியோடு, படம் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரே மேசை, ஒரே மஞ்சள் விளக்கு, விதவிதமான தங்க ரேசர்கள். விளம்பரத்தையும் அவர் எழுதியதையும் அழிப்பதற்குள் சேமித்துவிடுவது முக்கியம்.

முதலீடு என்ற பேச்சுக்கு வருகிறேன். "தங்கம் ஏறுகிறது, இதுவும் ஏறும்" என்று நம்மவர்களிடம் சொல்லியே விற்கிறார்கள். முலாமில் இருப்பது ஒரு குன்றிமணி எடைக்குக்கூட வராத தங்கம். உருக்கி எடுக்கும் செலவுக்கே காணாது. பழைய ரேசரின் விலை ஏறுவதும் இறங்குவதும் வாங்குகிற ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அந்தக் கூட்டம் சின்னது. விற்கப் போகும்போது ஏலக் கமிஷன், தபால், காப்பீடு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடாமல் யாரும் இதில் சேமிப்பைப் போட வேண்டாம்.

புது ரேசர்களிலும் இதே கதை நடக்கிறது. கனடாவிலும் போர்ச்சுகலிலும் சின்னப் பட்டறைகள் ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் கடைந்து செய்யும் ரேசர்களுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். சிலவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியலே உண்டு. அந்தப் பட்டியலில் "என் இடத்தை விற்கிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், செய்கிறவரிடம் நேரடியாக எழுதிக் கேட்காமல் ஒரு பென்னியும் கொடுக்காதீர்கள்.

ஹாரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சாம்பல் நிற ரேசர் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணை, இது டைட்டானியம்தானே? காந்தமும் ஒட்டேல்லை" என்று கேட்டார். காந்தம் ஒட்டாதது எதையும் நிரூபிக்காது. அலுமினியத்திலும் ஒட்டாது, மலிவான ரேசர்களை வார்க்கும் ஸாமாக் என்ற துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. சமையலறைத் தராசில், பத்தில் ஒரு கிராம் காட்டக்கூடியதில், தலையின் மூடியை மட்டும் நிறுத்தோம். கைப்பிடி உள்ளே பொள்ளலாக இருக்கலாம் என்பதால் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மூடியை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் முழுக்க முங்கும்படி பிடித்தோம். அப்போது தராசு காட்டும் கிராம்தான் மூடியின் கன அளவு, மில்லிலிட்டரில். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. டைட்டானியம் என்றால் சுமார் 4.5 வரவேண்டும். ஸ்டீலுக்கு 8-ஐ ஒட்டி, ஸாமாக்குக்கு 6.6-ஐ ஒட்டி, அலுமினியத்துக்கு 2.7. அவருடையது 2.7-ஐத் தாண்டவில்லை. மனுஷன் பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் கார்டில் கட்டியிருந்ததால் பணம் திரும்பி வந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய மடக்குச் சவரக் கத்திகள் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடி யானைத் தந்தமாக இருந்தால், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பிரிட்டனில் விற்பதோடு வாங்குவதும் குற்றம். விலக்குகள் மிகக் குறைவு. அதனால் சிலர் "எலும்பு" என்று எழுதிவிட்டுத் தந்தத்தை விற்கிறார்கள். மாட்டிக்கொள்வது நீங்களும்தான்.

என் வழக்கு சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் இருக்கிறது. ரேசரை நான் பயன்படுத்தவில்லை, மேற்கொண்டு துடைக்கவும் இல்லை, வந்த பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது சமீபத்தில் தங்க ஃபேட்பாய் வாங்கியிருந்து சந்தேகமாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் தலையின் அடிப்பக்கம், திறந்த கதவின் கீல், நர்லிங் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும், தாமதிக்காதீர்கள்.