இருமல் 'அடக்கி' சிரப்: எந்த இருமலுக்கு, எத்தனை மில்லி?

தில்லி மருந்துக் கடையில் இருமலுக்கு சிரப் கேட்டால் "சூக்கியா, பல்கம்வாலியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வறட்டு இருமலா, சளி இருமலா என்று அர்த்தம். இந்தி தடுமாறுகிறவர்களும் இந்த இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் பதிலைப் பொறுத்துத்தான் பாட்டில். அஸ்கோரில் என்ற ஒரே பெயரில் 'டி பிளஸ்' இருமலை அடக்கும். 'எல்எஸ்' சளியை இளக்கும். கண்ணில் படும் பெயர் ஒன்றுதான், வேலை நேரெதிர்.

'சப்ரெசன்ட்' என்பதைக் குணமாக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பமே. அடக்கி, அவ்வளவுதான். இந்த சிரப்பிலுள்ள மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மூளையின் முகுளத்திலுள்ள இருமல் மையத்தை மட்டுப்படுத்துகிறது; கிருமியைத் தொடாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களின் மாத்திரைக்கும் இதே சொல்தான். அங்கே அடங்குவது நோய் எதிர்ப்புச் சக்தி.

5 மில்லியில் 10 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள சிரப் என்றால், பெரியவர்களுக்கு வேளைக்கு 5 முதல் 10 மில்லி, 6 மணி நேர இடைவெளி விட்டு. சமையலறைக் கரண்டி வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு கொள்ளளவு. மூடியாக வரும் அளவுக் கோப்பையில் 5 மில்லி கோடு இருக்கும். கூடவே அலர்ஜி மருந்தான குளோர்பெனிரமைன் கலந்திருப்பதால் தூக்கம் சொக்கும். ராத்திரி வேளைக்கு அது வரம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து. மூக்கடைப்புக்கான ஃபீனைலெஃப்ரின் சேர்ந்திருந்தால் ரத்த அழுத்தக்காரர்கள் தவிர்க்க வேண்டும். ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. குளோர்பெனிரமைனும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவை 4 வயதுக்குக் கீழே கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரில் அரசு உத்தரவிட்டது.

சளி கட்டியிருக்கும்போது அடக்கி சிரப்பைக் குடித்தால், வெளியே வரவேண்டியது நெஞ்சிலேயே தங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரையால் வரும் வறட்டு இருமலுக்கு பாட்டில் பாட்டிலாகக் குடித்தாலும் தீர்வு மாத்திரையை மாற்றுவதுதான், அதுவும் டாக்டர் சொல்லி. நவம்பர் புகை இருமலுக்கு என்-95 முகக்கவசம் செய்யும் வேலையில் பாதிகூட சிரப் செய்யாது.

ஜலதோஷத்தோடு வரும் வறட்டு இருமலில் ராத்திரி கொஞ்சம் தூங்கவிடும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்: என் மதிப்பெண் 5-க்கு 3. இரண்டு வாரம் தாண்டிய இருமலென்றால் அடுத்த பாட்டில் வாங்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய்க்கான அந்தச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.