ஹெட்லைட் தேய்த்து 14 மாதம்: வெளிச்சம் அப்படியே இருக்கு, பூச்சியும் அப்படியே இருக்கு

போன வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், லைட்டை நீங்களே வீட்ல தேய்ச்சீங்கள்ல, இப்ப எப்படி இருக்கு? நானும் பண்ணலாமான்னு பாக்குறேன்." ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய பதிலை அரை மணி நேரம் பேசினேன். வைக்கும்போது அவன் முன்பைவிடக் குழம்பிப்போயிருந்தான். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் வண்டி 2009 மாடல். நாம் எல்லோரும் ஹெட்லைட் கண்ணாடி என்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சின்னக் கல் பட்டால் உடையாது, ஆனால் லேசாக உரசினாலே கீறல் விழும். அதனால் தயாரிக்கும்போதே மேலே கெட்டியான ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் முதலில் அந்தப் பூச்சைத் தின்னும், அப்புறம் அடியில் உள்ள பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும்.

இது ஊருக்கெல்லாம் பொது. டெல்டாவில் கூடுதலாக ஒன்று உண்டு: பூச்சி. சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நேரத்தில், பொழுது சாய்ந்தபின் தஞ்சாவூரிலிருந்து வடுவூர் ஏரி வழியாக மன்னார்குடி வந்து பாருங்கள். வீடு சேரும்போது முன்பக்கம் முழுக்கப் பூச்சி அப்பியிருக்கும். காலையில் அது காய்ந்து பசை போலப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்துத் துடைக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அப்பா தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு, பித்தளைச் சொம்பு விளக்குகிற மாதிரி விளக்கிவிடுவார். பத்து வருடம் விளக்கினார். போதாததற்கு 2018 நவம்பரில் கஜா புயலன்று தென்னை மட்டை ஒன்று வலது விளக்கின்மேல் இழுத்துக்கொண்டு விழுந்தது. நகத்தை வைத்துத் தடவினால் நகம் தட்டுகிற அளவுக்குக் கீறல்.

2024-ல் 15 வருடம் முடிந்து எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போனபோது "லைட்டைப் பாருங்க சார், ரொம்ப மங்கல்" என்றார்கள். அதற்கு முன்பே எனக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் காயும் நெல்லை ராத்திரி குவித்து, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் கருங்கல் வைத்துவிடுவார்கள். ஒருநாள் அந்தக் கல்லை நான் பார்த்தது பம்பருக்கு ஒரு முழம் முன்னால்தான். ஜோடி புதிதாக மாற்ற எனக்குச் சொன்ன விலை 7,800 ரூபாய். நாமே தேய்த்துவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

முதலில் டூத்பேஸ்ட். எல்லோரும் செய்கிற தப்புதான். அதில் உள்ள சன்னமான பொடி மேல் அழுக்கை எடுக்கும், பளபளக்கும். எனக்குப் பன்னிரண்டு நாள் பளபளத்தது. கொசு விரட்டி மருந்தைத் துணியில் நனைத்துத் துடைக்கும் வீடியோவும் சுற்றுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். பார்க்க மினுங்குவது அந்த இளகல்தான். தின்னரும் அப்படித்தான், முடி முடியாக வெடிப்பு விட்டுவிடும்.

முறையான வேலை வாட்டர் பேப்பரில், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில், இருக்கிறது. நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாகும். சுற்றிலும் பெயிண்ட்டில் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கஜா கீறலுக்காக வலது பக்கம் 800-ல் தொடங்கினேன், இடது பக்கம் 1000-ல். பிறகு இரண்டுக்கும் 1500, 2000. ஒரு நம்பரைப் படுக்கை வாட்டில் தேய்த்தால் அடுத்த நம்பரை நெட்டு வாட்டில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தின பேப்பரின் கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வற்றவே கூடாது. வாளியில் ஒரு ஷாம்பு பாக்கெட்டை உடைத்து ஊற்றிக்கொண்டால் பேப்பர் வழுக்கிக்கொண்டு ஓடும்.

அந்த வாளியில்தான் எனக்கு ஒரு சனி. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் நைஸ் மணல் வரும், ஆற்று வண்டல் பூமிக்கு அது புதுசில்லை. 2000-ம் நம்பரில் முடிக்கப்போகிற நேரம் சரக்கென்று ஒரு சத்தம். பேப்பருக்கு அடியில் ஒரே ஒரு மணல். மறுபடி 1000-லிருந்து. வீடியோவில் பத்து நிமிட வேலை, எனக்கு ஒரு விளக்குக்கு இரண்டரை மணி நேரம். அதற்கப்புறம் வாளித் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டித்தான் எடுத்தேன்.

பாதி வேலையில் விளக்கு பால் நிறத்தில் வெளுத்துவிடும். பழைய பூச்சு முழுக்க உரிகிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. நான் பயந்தேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள், அது இன்னும் மோசம்.

இனி பாலிஷ் காம்பவுண்ட் போட வேண்டும் என்று நினைத்து வாங்கி வைத்திருந்தேன். வீண் செலவு. மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு அடிப்பதாக இருந்தால் பாலிஷ் தேவையில்லை, சொரசொரப்பு இருந்தால்தான் கோட் பிடிக்கும். கோட் அடிக்காமல் வெறும் பாலிஷோடு விட்டால் ஒரு வருடத்துக்குள் மறுபடி மஞ்சள், ஏனென்றால் வெயிலைத் தடுக்க மேலே ஒன்றுமே இல்லை. கோட்டை இறுக வைக்கும் ஹார்டனர் உள்ளேயே தனி அறையில் இருக்கும் 2கே கிளியர் ஸ்ப்ரே டப்பா ஒன்று வாங்கினேன். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, சரியான மாஸ்க்கோடு திறந்த வெளியில்தான் அடிக்க வேண்டும். ஹார்டனரை உடைத்துவிட்டால் டப்பா ஓரிரு நாளில் உள்ளேயே இறுகிவிடும், மிச்சம் பிடிக்க முடியாது.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். பால் நிறத்தில் இருந்த அந்தப் பிளாஸ்டிக்கில் முதல் கோட் பட்டதும், என் கண் முன்னால் அது தண்ணீரானது. உள்ளே பல்பும் ரிஃப்ளெக்டரும் தெரிந்தன. பதினைந்து வருட வண்டியின் முகம் புது வண்டியின் முகமாக மாற மூன்று விநாடி. மாஸ்க்குக்குள் நான் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பு கால் மணி நேரம் நீடித்தது. மணல் செய்த வேலையால் நேரம் ஓடி, கடைசி கோட் அடிக்கும்போது இருட்டிவிட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம். வெளிச்சம் போதவில்லை என்று போர்ட்டிகோ விளக்கைப் போட்டேன். சம்பா வயலுக்கு நடுவே இருக்கிற வீடு, ஐப்பசி மாதம், பொழுது சாய்ந்த நேரம், ஒற்றை வெள்ளை விளக்கு, அதன் கீழே ஈரமான பசை. வேளாண்மைத் துறையில் இதையேதான் விளக்குப் பொறி என்று சொல்லி வயலில் வைக்கச் சொல்கிறார்கள். வலது விளக்கின் நட்டநடுவே ஒன்று வந்து உட்கார்ந்தது. குண்டூசியால் எடுக்கப் போனால் கோட் இழுத்துக்கொண்டு கோடு விழும் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

மறுநாள் பெரியப்பா குனிந்து பார்த்தார். "ஏண்டா, இது பச்சத் தத்துப்பூச்சில்ல? நெல்லுக்குத் துங்ரோ நோயைப் பரப்புமே. மருந்தடிச்சியா?" என்று கேட்டார். அவருக்கு லைட் கண்ணிலேயே படவில்லை.

14 மாதம் ஆகிறது. நேர்மையாகச் சொன்னால் வேலை நன்றாகவே நிற்கிறது. வடுவூர் வளைவில் ரோட்டோர வெள்ளைக் கோடு தெரிகிறது, தார்ப்பாயும் கல்லும் தூரத்திலேயே தெரிகின்றன. இரண்டு மழைக்காலம் பார்த்தும் கோட் உரியவில்லை. இடது விளக்கின் மேல் விளிம்பில் மட்டும் லேசாக மஞ்சள் தட்டுகிறது, அங்கே நான் மெல்லிசாக அடித்துவிட்டேன், போதாததற்கு மாலை வெயில் நேராக அந்தப் பக்கம்தான் விழும். வலது விளக்கு மாசு மருவில்லாமல் இருக்கிறது, பூச்சியைத் தவிர. நொய்யரிசி அளவுதான். பச்சை போய் வைக்கோல் நிறமாகிவிட்டது. ராத்திரி வெளிச்சத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வரும்போது என் கண் அங்கேதான் போகிறது. வண்டி கழுவ வரும் பையன் முதல் மூன்று தடவை அதைச் சுரண்டப் பார்த்தான்.

மொத்தச் செலவு 1,400 ரூபாய்க்குள். அதில் அந்தக் காம்பவுண்ட் வேறு சேர்த்தி.

மச்சினனுக்கு நான் சொன்னது: நீ புதுசு வாங்கிப் போட்டுவிடு. உன் விளக்கில் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது என்கிறாய், அதை வெளியே எத்தனை தேய்த்தாலும் போகாது. அது இல்லாவிட்டாலும் வாங்கிப் போடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தோள்பட்டை, ஒரு பூச்சி, இவ்வளவும் சேர்த்தால் 7,800 ஒன்றும் பெரிசில்லை.

"அப்ப நீங்களும் மாத்தப் போறீங்களா அத்தான்?"

"நான் ஏன்டா மாத்தணும்? லைட்டு நல்லாத்தானே இருக்கு."

தை அறுவடை முடிந்ததும் இடது பக்கத்தை மட்டும் மறுபடி தேய்ப்பதாக இருக்கிறேன். காலை பத்து மணிக்கு.