பெப்டைடுன்னு சொல்லி 14,600 ரூபா புடுங்கிட்டான். கடலூர், பாண்டி பக்கம் ஜிம் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னும் ஆத்திரம் அடங்கல. போன வியாழக்கிழமை பார்சல் வந்துச்சு, இன்னிக்குக் காலையில அவன் என்னை பிளாக் பண்ணிட்டான். 14,600 ரூபா. வீட்டுல சீட்டு எடுத்து, பையன் ஃபீஸுக்குன்னு வச்சிருந்த காசு.

சிப்காட்டுல ஷிஃப்ட் வேலை எனக்கு. எட்டு மாசமா வலது தோள்பட்டை வலி. மஞ்சக்குப்பம் ஜிம்முல பழக்கமான ஒருத்தர்தான் ஐபமோரலின்ங்கிற பெப்டைடு ஊசி பத்திச் சொன்னார் (பெப்டைடுன்னா புரதத்தோட சின்னத் துண்டு மாதிரி). ஹார்மோனை வெளியிலேருந்து ஏத்துறது இல்லை, நம்ம மூளைக்கடியில இருக்குற பிட்யூட்டரியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை அதுவே சுரக்க வைக்கும், தசைநார் சீக்கிரம் ஆறும்னார். பாண்டியில ஒருத்தன் வாட்ஸப்புலயே விக்கிறான்னு நம்பர் கொடுத்தார்.

ராத்திரி பத்தரைக்கு வீடியோ கால்ல வந்தான். "அண்ணே, எங்க அப்பாவுக்கே மூட்டுவலிக்கு இதான் போடுறேன்"ன்னான். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினான். முன்னாடி பால் பாக்கெட், ஒரு கிண்ணத்துல இட்லி மாவு, பின்னாடி வரிசையா குட்டி பாட்டில். அந்த மாவுக் கிண்ணத்தைப் பார்த்துதான் நான் விழுந்தேன். குடும்பம் நடத்துற வீடு, ஏமாத்த மாட்டான்னு தோணிடுச்சு. 99 சதவீதம் சுத்தம்னு ஒரு லேப் ரிப்போர்ட்டும் அனுப்பினான். அந்த நிமிஷமே ஜிபேல 14,600 போட்டேன்.

வந்தது சாதா பிளாஸ்டிக் கவர். ஐஸ் பேக் கிடையாது. இந்த மே மாச வெயில்ல! பாட்டில்ல உலர்ந்து வெள்ளையா இருக்கவேண்டிய பவுடர், ஈரம் பட்ட கோலமாவு மாதிரி கண்ணாடியில அப்பிக் கிடந்துச்சு. லேபிளை நகத்தால கீறினா உரிஞ்சு வருது, அடியில வேற ஒரு லேபிள்! ரிப்போர்ட்டுல இருந்த பேட்ச் நம்பர் பாட்டில்ல எங்கயுமே இல்லை.

எதிர்வீட்டு நர்ஸ் அக்காகிட்ட ஊசி போடச் சொல்லிக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, உற்பத்தி லைசென்ஸ் நம்பரே இல்லையே, இதைப் போய் உடம்புல ஏத்தச் சொல்றியா?"ன்னு திட்டினாங்க. ஓரத்துல பொடி எழுத்துல "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்ததையும் அவங்கதான் காட்டினாங்க. பிறகுதான் நான் உக்காந்து தேடிப் படிச்சேன். ஆபரேஷனுக்கு அப்புறம் குடல் வேலை செய்ய உதவுமான்னு ஐபமோரலினைச் சோதிச்சுப் பார்த்து, சொல்லிக்கிற மாதிரி பலன் இல்லைன்னு விட்டுட்டாங்களாம். தோள்பட்டைக்கு எவன் சொன்னான்?

அவனுக்குப் போன் போட்டா, முதல் நாள் "டிரான்ஸ்போர்ட்ல அப்படித்தான் ஆகும்ணே, தண்ணி கலந்தா சரியாகிடும்". அடுத்த நாள் "கொரியர்காரனைக் கேளுங்க". மூணாவது நாள் "ஓனர் ஊர்ல இல்லை". அப்போ நீ யாருடா? கடைசியா "பாட்டிலைத் திறந்துட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது". நான் திறக்கவே இல்லை. போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, அவ்ளோதான்.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. தனி ஆள் பேர்ல இருக்குற அக்கவுண்டுக்குப் பணம் போடாதீங்க. டாக்டர் எழுதாத ஊசியைத் தொடாதீங்க. கபடி, தடகளம்னு போட்டிக்குப் போற பசங்களா இருந்தா இந்த வகை ஊசி மொத்தமும் வாடா (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியல்ல இருக்கு, மாட்டினா விளையாட்டு வாழ்க்கையே போச்சு. பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு அடிங்க, நான் நாலு நாள் அவன் பேச்சை நம்பி வீணாக்கிட்டேன். இன்னிக்குத்தான் அடிச்சேன், புகார் நம்பர் வந்திருக்கு. பாட்டிலை அப்படியே எடுத்து வச்சிருக்கேன். 14,600 ரூபா விஷயம் வீட்டுல இன்னும் சொல்லல.