வரிசை எண் பலகையின் டிரான்சிஸ்டர்கள்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்து உணவகம் ஒன்றில் வரிசை எண்ணைக் காட்டும் நான்கு இலக்கப் பலகையை நானே வடிவமைத்து, பல ஆண்டுகளாகப் பராமரித்தும் வருகிறேன். செக்மென்ட் எனப்படும் ஏழு ஒளிக்கோடுகளால் எண்ணைக் காட்டும் 2.3 அங்குலச் சிவப்பு செவன் செக்மென்ட் இலக்கங்கள், 12 வோல்ட் மின்வழங்கி, 5 வோல்ட்டில் நிரலை இயக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலர் ஆகியவற்றுக்கு இடையில் மின்சுவிட்சுகளாக நிற்கும் டிரான்சிஸ்டர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

செக்மென்ட்டுகளின் மின்னோட்டத்தைத் தரைக்கு (0 வோல்ட்டுக்கு) இழுப்பது யூஎல்என்2803 என்ற சில்லு. எட்டு டார்லிங்டன் இணைகளும் (ஒன்றோடொன்று கோத்த இரு டிரான்சிஸ்டர்கள்), அவற்றைக் கட்டுப்படுத்தும் காலான பேஸின் மின்தடைகளும் ஒரே சில்லில் அடங்கியிருப்பதால் இந்தப் பகுதி எனக்குத் தொல்லை தந்ததே இல்லை. ஆயினும், முழுமையாகத் திறந்த நிலையிலும் டார்லிங்டன் மீது ஏறத்தாழ 0.9 வோல்ட் நிற்கும். என் இலக்கங்களில் ஒரு செக்மென்ட்டுக்கு 8 வோல்ட் தேவை. 12 வோல்ட்டை ஒட்டிய மேல்பக்க டிரான்சிஸ்டருக்கு 0.3 வோல்ட் ஒதுக்கினால் எஞ்சுவது 2.8 வோல்ட்தான் என்பதால், 40 மில்லி ஆம்பியருக்கு 68 ஓம் மின்தடை பொருத்தமாக அமைந்தது.

உண்மையான சோதனை மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. இலக்கத்தின் ஆனோடை (நேர்மின் முனையை) 12 வோல்ட்டுடன் இணைக்கும் பிசி327 ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர்; அதாவது, எமிட்டர் என்ற காலைவிட பேஸின் வோல்ட் தாழும்போது திறப்பது. அதன் பேஸை 5 வோல்ட் முனையில் நேரடியாக இணைத்தால், அந்த முனை உயர்நிலையில் இருக்கும்போதும் 12 வோல்ட்டில் உள்ள எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையே 7 வோல்ட் வேறுபாடு எஞ்சுவதால், அது ஒருபோதும் அணையாது. எனவே இடையில், பேஸின் வோல்ட் உயரும்போது திறக்கும் ஓர் என்பிஎன் டிரான்சிஸ்டர் கட்டாயம் வேண்டும். புள்ளியும் சேர்ந்து எட்டு செக்மென்ட்டுகள் எரியும்போது 320 மில்லி ஆம்பியர் பாய்கிறது. தரவுத்தாளில் மின்பெருக்கம் (பேஸ் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு பாயும் என்பது) நூறுக்கு மேல் என்றிருந்தாலும், பத்து என்று கொண்டே பேஸ் மின்னோட்டத்தைக் கணக்கிட்டேன். பேஸில் வைத்த 330 ஓம் மின்தடை தரும் 34 மில்லி ஆம்பியரில் டிரான்சிஸ்டர் தயக்கமின்றி முழுமையாகத் திறக்கிறது, சூடாவதும் குறைவு.

நான்கு இலக்கங்களும் வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் கால்பங்கு நேரமே எரிவதால் அந்த 330 ஓம் மின்தடையின் சராசரி வெப்பம் 0.1 வாட்டுக்கும் குறைவு. ஆனால் நிரல் உறைந்துபோய் ஓர் இலக்கம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் அது 0.38 வாட்டாக உயரும். செக்மென்ட்டுகளும் இடைவிடாமல் 40 மில்லி ஆம்பியரைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால் அரை வாட் மின்தடையும், நிரல் உறைந்தால் மீண்டும் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் டைமரும், மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் வரை என்பிஎன் பேஸைத் தரையில் பிடித்துவைக்கும் மின்தடையும் இன்றியமையாதவை என்பது என் உறுதியான கருத்து.

சிங்கப்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் இதில் பங்கு கொள்கின்றன. பிற்பகலில் 32 டிகிரியைத் தொடும் வெளிக்காற்று, சமையலறைச் சுவரை ஒட்டிய மூடிய பெட்டிக்குள் இன்னும் சூடாகிறது. அணைந்த டிரான்சிஸ்டரிலும் கசியும் சிலிக்கானின் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பதால், பிசி327-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் 10 கிலோ ஓம் மின்தடை வைத்தேன். பேஸில் தேங்கும் மின்னூட்டம் விரைந்து வடியவும் அது உதவுகிறது. இலக்கம் மாறும்போது சில பத்து மைக்ரோவிநாடிகள் அனைத்தையும் அணைத்துவைத்ததும், பக்கத்து இலக்கத்தில் தெரிந்த மங்கலான நிழல் எண் மறைந்தது. எண்ணெய்ப் புகையும் ஈரமும் படியாதிருக்கப் பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சு அவசியம்.

உதிரிகளைச் சிம் லிம் டவரில் வாங்குவோர் கால்களின் வரிசையைச் சரிபார்க்க வேண்டும். பிஎன்2222ஏ, பி2என்2222ஏ என்ற என்பிஎன் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கலெக்டர், எமிட்டர் என்ற இரு கால்களும் இடம் மாறியிருக்கும். அடுத்த பலகையில் மேல்பக்கத்திற்கு, மின்னழுத்தத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர் வகையான பி-சேனல் மாஸ்ஃபெட்டையே வைப்பேன், ஏனெனில் பேஸ் மின்னோட்டத்திற்காக வீணாகும் வெப்பம் அதில் அறவே இல்லை.