அலுமினிய எஞ்சின் பாகங்களைப் பளபளக்க வைக்க: கையா, மெஷினா, திராவகமா?

டேப்பட் கவரையோ (எஞ்சின் தலையின் மேல்மூடி) இன்டேக் மேனிஃபோல்டையோ (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வீட்டிலேயே மின்ன வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பாலிஷ் வாங்கலாம் என்றுதான். பாலிஷ் கடைசியில் வரும் வேலை. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வருமா என்பது அதற்கு முன்பே உப்புத்தாளில் முடிவாகிவிடும். எந்த வழி சிறந்தது என்ற கேள்வியையும் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் பாகத்தைக் கவனியுங்கள். மணல் வார்ப்பில் செய்ததென்றால் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அந்த மேடுகளை எல்லாம் கரைக்க நிறைய நேரம் போகும். டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை உலோக அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது) என்றால் பரப்பு வழவழப்பாக இருக்கும், ஆனால் கெட்டியான தோல் மெல்லியது. அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் நுண்துளைகள் ஊசிக் குத்துகளாக வெளியே வரும். அப்புறம் எந்தப் பாலிஷும் அவற்றை மறைக்காது.

கையால் தேய்ப்பதையே நான் முதலில் சொல்வேன். வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் ஏற ஏற தாள் நைசாகும்) 320-ல் ஆரம்பித்து 400, 600, 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்துகொண்டால் தாள் அடைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள்: 320-ல் நெடுக்காகத் தேய்த்தால் 400-ல் குறுக்காக. நெடுக்குக் கோடுகள் மொத்தமாக மறையும் வரை 400-ஐக் கீழே வைக்கக் கூடாது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கோடு அப்போது தெரியும். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டினால், 2000 முடித்து மெட்டல் பாலிஷ் போட்ட பிறகு அந்தக் கோடு பளபளப்புக்கு நடுவில் வந்து நிற்கும். திரும்ப 400-க்குப் போவதைத் தவிர வழியில்லை. நேரம் பிடிக்கும், விரல் வலிக்கும். ஆனால் விளிம்பு விளிம்பாகவே இருக்கும், எழுத்துகளும் அழியாது.

மெஷினின் பலம் வேகம். பெஞ்ச் மெஷினில் சைசல் வீலும் (கற்றாழை நார்ச் சக்கரம்) பழுப்பு நிற டிரிபோலி பஃபிங் சோப்பும் (வீலில் பூசும், உராய்வுப் பொடி கலந்த மெழுகுக் கட்டி) போட்டால் 600 தாளின் கோடுகளைக்கூட எடுத்துவிடும். அதனால் அதற்கு மேற்பட்ட தாள்களை விட்டுவிடலாம். அடுத்து தளர்வான பருத்தி வீலில் வெள்ளை சோப். ஒரு சோப்புக்கு ஒரு வீல்தான், கலக்கவே கூடாது. சிக்கல் என்னவென்றால், மெஷின் மேட்டைத்தான் தின்னும். கவரின் மேல் புடைத்திருக்கும் எழுத்து, ரிப்பின் (நீளமாகப் புடைத்திருக்கும் வரி) ஓரம், போல்ட் துளையின் விளிம்பு எல்லாம் மழுங்கிவிடும். பள்ளமான மூலைகளில் வீல் போகவே போகாது. அங்கே டிரில்லில் மாட்டும் சின்ன ஃபெல்ட் கூம்புதான் உதவும்.

ஆபத்தும் அதிகம். நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும் வீல் ஒரு விளிம்பைக் கவ்வினால் பாகத்தைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். பாகத்தை வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே பிடியுங்கள். வீல் விளிம்பை எதிர்த்து வராமல், விளிம்பைத் தாண்டி வெளியே ஓடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். இரும்பு தேய்க்கும் அதே கிரைண்டரில் அலுமினியத்தைப் பஃப் செய்வதை விட்டுவிடுங்கள். அலுமினியத் தூளும் துருத்தூளும் சேர்ந்து குவிந்த இடத்தில் ஒரு தீப்பொறி போதும்.

தேய்க்கும் முன் இன்னொன்று: எல்லா வெள்ளைக் கவரும் அலுமினியம் அல்ல. சில எஞ்சின்களில் மக்னீசியம் இருக்கும், அதன் தூள் சட்டென்று பற்றிக்கொள்ளும். மறைவான ஓரத்தில் லேசாகச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் என்றால் உடனே குமிழ் விடும்.

திராவகம் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தையே அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும், பரப்பைக் கறுக்க வைக்கும். வண்டிச் சக்கரத்துக்கு விற்கும் சில அமிலக் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டு. தோலில் பட்டால் உள்ளே எலும்பு வரை பாதிக்கும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அழுக்குப் போக மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும்.

எல்லாரும் கண்ணாடி மாதிரி மின்ன வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். எனக்கென்னவோ பெரும்பாலான பாகங்களுக்கு சாட்டின் ஃபினிஷ்தான் பொருத்தம். 600 வரை தேய்த்துவிட்டு, நைலான் ஸ்க்ரப் பேடால் ஒரே திசையில் இழுத்தால் மெல்லிய கோடுகளோடு அமைதியான பளபளப்பு வரும். கைரேகை தெரியாது, கீறல் விழுந்தாலும் அதே பேடை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். கண்ணாடிப் பளபளப்பை டேப்பட் கவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கம்பிப் பஞ்சைத் தொடாதீர்கள். அதன் இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து துருப்புள்ளிகளாக மாறும்.

மேலே என்ன பூசுவது? கிளியர் கோட் (நிறமில்லாத பெயின்ட்) அடித்தால் கொஞ்ச காலம் கவலையில்லை, ஆனால் பளபளப்பு சற்று மங்கும். சூட்டில் நாளடைவில் மஞ்சளாகி ஓரத்தில் உரியத் தொடங்கினால் முழுவதையும் சுரண்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மெழுகு அவ்வளவு காலம் தாங்காது, ஆனால் திரும்பப் பூசுவது சுலபம். நான் மெழுகுப் பக்கம்தான்.

கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் முகத்தை மட்டும் எந்த வழியிலும் தொடாதீர்கள். அந்த முகத்தைச் சுத்தம் செய்ய உராய்வு டிஸ்க் வேண்டாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பட்டறைகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. டிஸ்க்கிலிருந்து உதிரும் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும். டேப்பட் கவரின் உள்பக்கம் ஆயில் தெறிக்காமல் இருக்க ஒரு தகடு பொருத்தியிருக்கும், தூள் அதன் பின்னால்தான் போய் ஒளிந்துகொள்ளும். கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்கள். முடியாவிட்டால் வேலைக்கு முன்பே அந்த இடைவெளிகளை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள், முடித்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்துக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.